என்னை ரேஸை விட்டுத் தூக்கிடுங்க

இல்ல மேடம், காதுல விழுந்துச்சு. உன் மேல தப்பு இல்ல, நீ போகலாம்னுதானே சொன்னீங்க. நல்லாவே விழுந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன், அவ்ளோதான். இந்த நாற்காலி காலியாத்தானே இருக்கு? வெளிய எங்க மேனேஜர் படிக்கட்டுல நின்னு போன் பேசிக்கிட்டு இருக்காரு. நான் சிரிச்சுக்கிட்டே இறங்கி வருவேன்னு பார்த்துக்கிட்டு இருப்பாரு. இந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திக்கலாமா? வேணாம், நீங்க எந்திரிக்காதீங்க, நானே சாத்தறேன். இந்த சைக்கிள் ஷூவோட நடந்தா வேன் முழுக்க லொட்டு லொட்டுனு சத்தம், மன்னிச்சுக்கோங்க. பெடல்ல மாட்டறதுக்கு அடியில கட்டை இருக்குல்ல. மாத்திட்டு வர நேரமில்ல. முடிவுக் கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கறதுக்குள்ள உங்க ஆளு வந்து நடுவர் கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டாரு, அப்படியே வந்துட்டேன்.

தண்ணி இருந்தா... ஆங், போதும் போதும்.  ரேஸ் முடிஞ்சா எல்லாருக்கும் இப்படித்தான் தாகம் எடுக்கும்.

விஷயம் என்னன்னா, நீங்க சொன்ன தீர்ப்பு தப்பு. கோவிச்சுக்காதீங்க. தலைமை நடுவர்கிட்டயே வந்து நீங்க சொன்னது தப்புன்னு சொல்றானே, எவ்வளவு திமிருன்னு நினைப்பீங்க. இந்த வேனுக்குள்ள வர்றவன் எல்லாம் என்ன சொல்வான்? நான் ஒண்ணும் பண்ணல, அவன்தான் வந்து இடிச்சான்னு அழுவான். நான் வேற மாதிரி சொல்றேன். நான்தான் பண்ணேன். நான் நேரா போகல, வலது பக்கம் சாஞ்சேன். என் பின்னாடி வந்த பல்லி விழுந்தது என்னாலதான். அதனால என்னை ரேஸை விட்டுத் தூக்கிடுங்க. இன்னிக்கே எழுதிடுங்க. நாளைக்கு ஓட வேண்டிய ஸ்டேஜ்ல நான் கிளம்பக் கூடாது.

சிரிக்காதீங்க மேடம். எனக்கு மூளை கலங்கலைங்க. தலையில அடி கிடி எதுவும் இல்ல. நான் விழவே இல்லயே, பின்னாடி வந்தவன்தானே விழுந்தான். நான் நாலாவதா வந்து சேர்ந்தேன், சட்டையில ஒரு கீறல் கிடையாது.

பல்லின்னா யாருன்னு தெரியுதுல்ல? இப்ப ஆம்புலன்ஸ்ல போனானே, அவன்தான். உங்ககிட்ட அவன் வெறும் நம்பரா இருப்பான். எங்களுக்குள்ள பேரு சொல்லிக் கூப்பிடற பழக்கம் கிடையாது. கடைசி இருநூறு மீட்டர்ல பாய்ஞ்சு ஜெயிக்கிற ஸ்பிரிண்டர்னு மார் தட்டிக்கறதுக்கு இந்த ரேஸ்ல நாலு பேருதான் தேறுவோம். எருமை, வாத்தியாரு, பல்லி, அப்புறம் நான். என்னை ரப்பர்ம்பாங்க. எத்தனை தடவை தூக்கி அடிச்சாலும் துள்ளி எந்திரிச்சுடுவான்னு ஒரு காலத்துல வெச்ச பேரு.

தீர்ப்புக்குப் பார்த்த அந்த வீடியோவை நீங்க எத்தனை தடவை வேணா போட்டுப் பாருங்க. ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்த படம், கீழ தரையில என்ன நடந்துச்சுன்னு அதுக்கு என்ன தெரியும்? எவன் எப்படி ஓட்டுவான்னு தெரிஞ்சாத்தான் எவன் மேல தப்புன்னு தெரியும். டிவியில உக்காந்து எங்க நாலு பேரையும் ஒப்பிடறாங்களே, பார்த்திருக்கீங்களா? இவன் தொடை இவ்வளவு சுத்தளவு, அவன் வேகம் இவ்வளவு, இவன் இந்த வருஷம் இத்தனை ஸ்டேஜ் ஜெயிச்சான். சந்தையில ஆடு பார்க்கிற மாதிரி. காலை வெச்சு ஒப்பிட்டா ஒரு மண்ணும் தெரியாது மேடம். நாலு பேருக்கும் காலு ஏறக்குறைய ஒண்ணுதான். எவன் எதுக்குப் பயப்படறான்னு பாருங்க. அப்பத்தான் எவன் எந்தப் பக்கம் போவான்னு தெரியும்.

எருமையை எடுத்துக்கோங்க. ஆளு கதவு மாதிரி இருப்பான். அவன் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா காத்தே தெரியாது, ஜன்னல் சாத்தின ரூமுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். அவ்வளவு பலம் இருக்கறவன் எதுக்குப் பயப்படணும்னு தோணும். அவனுக்கு அடைபட்டுப் போயிடுவோமோன்னு பயம். நாலு பக்கமும் ஆளு சூழ்ந்தா மூச்சு முட்டும். ஓட்டல்ல லிஃப்ட்ல ஏற மாட்டான் தெரியுமா? மலை ஏறி இறங்கி, காலு ரெண்டும் கஞ்சியா போயிருக்கிற அன்னிக்கும் அஞ்சு மாடி படியிலதான் ஏறுவான். அதனாலதான் எல்லாருக்கும் முன்னாடி, கோடு கண்ணுக்கே தெரியாத தூரத்துல சீட்டை விட்டு எந்திரிச்சு பெடலை அடிச்சுடுவான். சிங்கம் மாதிரி பாயறான்ம்பாங்க டிவியில. சிங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூட்டத்துல இருந்து வெளிய ஓடறான், அவ்ளோதான்.

வாத்தியாரு அப்படியே நேரெதிர். ஒல்லி ஆளு, எப்பப் பார்த்தாலும் மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டு இருக்கிற மூஞ்சி. எங்க மேடு, எங்க சாக்கடை மூடின்னு கடைசித் தெருவை முன்னாடியே நடந்து பார்த்துட்டு வந்துடுவான். அவனுக்குக் காத்துதான் பயம். முகத்துல காத்து பட்டா செத்தோம்னு நினைப்பான். எவன் முதுகுக்குப் பின்னாடியாவது ஒளிஞ்சுக்கிட்டே வந்து, கடைசி நொடியில தலையை நீட்டி அரைச் சக்கர வித்தியாசத்துல ஜெயிப்பான். ஜெயிச்சிட்டும் கையைப் பாதிதான் தூக்குவான். வீட்டுக்காரன் பார்க்கறதுக்குள்ள மாங்காய் பறிச்சவன் மாதிரி இருக்கும்.

பல்லி தனி ரகம். குள்ளம். மூக்கைக் கைப்பிடிக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு தரையோட தரையா போவான். ரோட்டோரத் தடுப்புக் கம்பிக்கும் நம்ம தோளுக்கும் நடுவுல ஒரு கை நுழையற இடம் இருந்தாப் போதும், ஆளு முழுசா நுழைஞ்சுடுவான். எப்படிடா பயமில்லாம போறன்னு ஒரு நாள் காலைச் சாப்பாட்டுல கேட்டேன். இடம் இருந்தா போறேன், இடம் இல்லன்னா போக மாட்டேன், இதுல பயப்பட என்ன இருக்குன்னான். நடிப்பு இல்ல மேடம். நிஜமாவே அவனுக்குப் புரியல. ரொட்டியில ஜாம் தடவறதை நிறுத்திட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான், நான் ஏதோ தெரியாத பாஷையில பேசிட்ட மாதிரி.

அவனுக்கு எப்படி இருக்குன்னு சேதி ஏதாவது வந்துச்சா? தோள்பட்டை எலும்புன்னாங்க. நினைவு இருக்குல்ல? பேசறானா? அப்பாடா. பேசறான்னா சரி.

அவன் எனக்கு எதிரியெல்லாம் கிடையாதுங்க. கடைசி இருநூறு மீட்டர்லதான் நாங்க எதிரி. மத்த நேரம் எல்லாம் கூட்டாளிதான். மலை ஸ்டேஜ்ல எங்களைப் பார்த்திருப்பீங்களே. ஜெயிக்கிறவங்க எல்லாம் மேல போயி குளிச்சு முடிச்சிருப்பாங்க, ஸ்பிரிண்டருங்க நாங்க கடைசிக் கூட்டத்துல ஒண்ணா ஊர்ந்துக்கிட்டு வருவோம். நேரத்துக்குள்ள வந்து சேரலன்னா நீங்க மூட்டையைக் கட்டச் சொல்லிடுவீங்க. அதனால ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிட்டு, தண்ணி கொடுத்துக்கிட்டு, மட்டமான ஜோக் சொல்லிக்கிட்டு எப்படியோ வந்து சேருவோம். போன மலை ஸ்டேஜ்ல எனக்குச் சுத்தமா முடியல. பல்லிதான் முதுகுல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே வந்தான். உங்க ஆளுங்க மோட்டார் சைக்கிள் கிட்ட வர்றப்போ மட்டும் கையை எடுத்துட்டு வானத்தைப் பார்ப்பான். ஏன் மேடம், அது விதிப்படி தப்புதானே? அதுக்காவது என்னைத் தூக்க முடியுமா? டீம் கார் ஜன்னல்ல தண்ணி பாட்டில் வாங்கறப்போ, கொடுக்கிறவரு விடாம பிடிச்சுக்கிட்டு இருக்க, நானும் விடாம தொங்கிக்கிட்டு வந்திருக்கேன். அதுவும் தப்புதான். சரி சரி, புரியுது. அதுக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்க. பல்லியை அதுல மாட்டி விட்டுடாதீங்க, பாவம், அவன் படுத்துக் கிடக்கான்.

யாரு தட்டறது? வர்றேன் சார். ஒண்ணும் இல்ல சார், ஏதோ கையெழுத்து கேக்கறாங்க, போட்டுட்டு வந்துடறேன். ஆமா சார், தப்பு இல்லன்னுட்டாங்க. நீங்க பஸ்ஸுக்குப் போங்க, நான் வந்துடறேன்.

மேனேஜர் போயிட்டாரா? பொய் சொல்றது தப்புதான், ஆனா அவருக்கு முன்னாடி இதைப் பேச முடியாது. எவ்வளவு சந்தோஷம் பார்த்தீங்களா குரல்ல?

சரி, இன்னிக்கு நடந்ததுக்கு வர்றேன். எனக்கு முன்னாடி காத்தை உடைச்சுக்கிட்டு ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போவாரே, அவரு எனக்கு மாப்பிள்ளை. பேச்சுக்குச் சொல்லல, நிஜ மாப்பிள்ளை, என் தங்கச்சியைக் கட்டினவரு. ரெண்டு பேரும் ஒரே டீம்ல சேர்ந்து, ஒரே ரூம்ல தங்கி, லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்து போயி, கடைசியில பொண்ணு கேட்டுட்டாரு. டீம்ல அவரை ஓட்டுவாங்க, வீட்லயும் உன் மச்சான் மூஞ்சி, ரோட்லயும் உன் மச்சான் மூஞ்சியான்னு. ரோட்ல அவன் எனக்குப் பின்னாடிதானே வர்றான், பார்க்காம தப்பிச்சுக்கறேன்ம்பாரு. காத்தெல்லாம் நெஞ்சுல வாங்கிக்கிட்டு என்னைக் கடைசி இருநூறு மீட்டர் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு ஒதுங்கிக்கணும், அதுதான் அவரு வேலை. ஜெயிக்கிறது என் வேலை. மேடையில பூ வாங்கறது நான், அவரு அப்ப பஸ்ல உக்காந்து சாக்ஸைக் கழட்டிக்கிட்டு இருப்பாரு.

இன்னிக்கும் கொண்டுவந்து விட்டாரு, எள்ளளவு குறை சொல்ல முடியாது. இடது பக்கத்துல இருந்து காத்து, அதனால எல்லாரும் வலது பக்கத் தடுப்பை ஒட்டித்தான் வந்தோம். எருமை வழக்கம்போல அவசரப்பட்டு நடு ரோட்ல எந்திரிச்சு அடிச்சுட்டான். அவன் முதுகுல வாத்தியாரு. மாப்பிள்ளை ஒதுங்கினாரு, நான் வலது பக்கமா கிளம்பினேன். எனக்குப் பின்னாடி, என் சக்கரத்தை மோந்து பார்த்துக்கிட்டே பல்லி. அவன் எனக்கும் கம்பிக்கும் நடுவுல நுழையத்தான் பார்த்திருப்பான், வேற என்ன பண்ணுவான்? அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வலது பக்கம் சாஞ்சு வழியை அடைச்சேன். அவன் என் பின்சக்கரத்துல இடிச்சு விழுந்தான். தன் பாதையை விட்டு விலகி இன்னொருத்தனை ஆபத்துல மாட்டிவிட்டா தூக்கலாம்னு உங்க விதி சொல்லுது. தூக்குங்க.

என்ன, ஒரு இஞ்சு கூட விலகலையா? இப்படித் திருப்பிக் காட்டுங்க.

ம். ஆமா. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரிதான் போறேன். இவ்வளவு நேரா நான் ஓட்டினதே கிடையாது மேடம். நேரா ஓட்டுடா, நேரா ஓட்டுடான்னு மேனேஜர் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தியிருக்காரு. இன்னிக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு.

வெளிய என்ன சத்தம் அது? ஓ, தடுப்புக் கம்பியைக் கழட்டி லாரியில போடறாங்களா. தூக்கி வாரிப் போட்டுடுச்சு. அந்த இரும்புச் சத்தம் எனக்கு ஆக மாட்டேங்குது.

டாக்டரையெல்லாம் கூப்பிடாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு நானே இறங்கிக்கலாம்தான். டாக்டர் வந்து நாடி பிடிச்சுப் பார்ப்பாரு, குதிரை மாதிரி இருக்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. உங்களுக்குத் தெரியாததா? எங்க தொழில்ல நீங்க ஒருத்தனை வெளிய தள்ளினா, முரடன், ஜெயிக்கறதுக்கு எதையும் பண்ணுவான்னு பேரு கிடைக்கும். அடுத்த வருஷத்துக்கு நாலு டீம் போன் பண்ணும். நானா இறங்கினா, சாயங்காலச் சாப்பாட்டுக்குள்ள எல்லா ஓட்டல்லயும் பேசி முடிச்சுடுவாங்க, ரப்பர் இத்துப் போச்சுன்னு. ஸ்பிரிண்டருக்குக் காலு போனாக்கூட ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்பாங்க. தைரியம் போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கதை முடிஞ்சுது. என் பொழப்போட போச்சுன்னாலும் பரவாயில்ல. மாப்பிள்ளையை டீம்ல வெச்சிருக்கிறதே என்னை இழுக்கத்தான். நான் இல்லன்னா அவரு யாரை இழுப்பாரு?

ஆமா. பயம்தான் மேடம். நீங்களே அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்க, நல்லதாப் போச்சு. எனக்கு பயமா இருக்கு. யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்லிட்டா கொஞ்சம் குறையும்னு நினைச்சேன், ஒண்ணும் குறையல.

விழுந்ததால வந்த பயம்னு நினைக்கறீங்க. இல்ல. விழுந்துக்கிட்டு இருந்த காலத்துல பயமே இல்லயே. ஒரு பக்கத் தோலை முழுக்க ரோட்லயே விட்டுட்டு வந்து, கட்டுப் போட்ட கையோட சாயங்காலம் சீட்டு ஆடியிருக்கேன். ரேஸ் முடிஞ்ச பிறகு டாய்லெட்டுக்குள்ள போயி கொஞ்ச நேரம் உதறிக்கிட்டு நிப்பேன், அது எல்லாருக்கும் உண்டு, அது பின்னாடி வர்ற பயம். இது முன்னாடி வர்றது. குளிர்காலத்துல பயிற்சிக்குப் போயிருந்தோம். தூறல் போட்டு விட்டிருந்துச்சு. ரோட்ல பெயின்ட் அடிச்ச வெள்ளைக் கோடு ஈரமா பளபளன்னு இருந்துச்சு. அதைப் பார்த்து, இது வழுக்குமேன்னு நினைச்சேன். அவ்ளோதான். வழுக்கவும் இல்ல, விழவும் இல்ல. ஆனா அதுவரைக்கும் நான் ஒரு தடவைகூட அப்படி நினைச்சதில்ல. பெயின்ட் வழுக்கும்னு எனக்கும்தான் தெரியும். தெரியறது வேற மேடம், நினைக்கறது வேற.

அதுல இருந்து எல்லாமே கண்ணுல படுது. முன்னாடியெல்லாம் கடைசி கிலோமீட்டர்ல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும், மாப்பிள்ளையோட முதுகு. இப்ப தடுப்புக் கம்பியோட காலு ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கறது தெரியுது. கம்பி மேல சாஞ்சு போன்ல படம் எடுக்கிறவரோட முழங்கை தெரியுது. பக்கத்துல வர்றவன் கைப்பிடி என் தொடைக்கு எவ்வளவு கிட்ட இருக்குன்னு தெரியுது.  சோத்தை வாயில போட்டுக்கறதோட சரி. மென்னு மென்னு, யாரும் பார்க்காதப்போ காகிதத்துல துப்பி மடிச்சு வெச்சுக்கறேன். சமையல்காரரு ஒரு நாள் தட்டைப் பார்த்துட்டு என்னையும் பார்த்தாரு. நல்ல மனுஷன், தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு.

நாளைக்கு எங்க முடியுதுன்னு பார்த்தீங்கல்ல? பாலத்துல இருந்து இறக்கம். இறங்கற வேகத்துலயே ஒரு வளைவு, வளைஞ்சா நேரா கடைத்தெரு. ரெண்டு பக்கமும் கம்பி. தெரு நெடுக ஜனங்க நடந்து கடக்கறதுக்கு வெள்ளைப் பட்டை போட்டு வெச்சிருக்காங்க. மழை வேற வரும்ங்கறாங்க. அந்தத் தெருவோட படத்துல அந்தப் பட்டை எத்தனைன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். எருமை அதே படத்தைப் பார்த்துட்டு, அகலமான தெரு, நல்லாருக்கேன்னு விசில் அடிச்சுக்கிட்டுப் போறான்.

என்ன பண்றீங்க மேடம்? மறுபடியும் எதுக்குப் போடறீங்க? நேராத்தான் போறேன்னு ரெண்டு பேரும் பார்த்துட்டோமே.

இது வேற கேமராவா? முன்னாடி இருந்து எடுத்ததா? இது எப்ப வந்துச்சு? வேணாம், பெருசாக்க வேணாம், என் மூஞ்சி நல்லா இருக்காது. வாயைப் பொளந்துக்கிட்டு எச்சில் ஒழுகிக்கிட்டு இருப்பேன். மூஞ்சியைப் பார்க்கலையா? அப்புறம் எதைப் பார்க்கறீங்க?

நீங்களும் ஒரு காலத்துல ஓட்டினவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இல்லன்னா அங்க பார்க்கணும்னு தோணியிருக்காது. மத்த நடுவருங்க எல்லாம் சக்கரத்தைத்தான் பார்ப்பாங்க.

ஆமா. விரல்தான் அது. ரெண்டு விரல். பிரேக் மேலதான் இருக்கு. சும்மா இல்ல, பிடிச்சேன்.

ஒரு ஸ்பிரிண்டர் கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னாடி பிரேக் பிடிச்சதை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்ல. உங்க விதிப் புத்தகத்துல அதுக்கு ஒரு வரி கூட இருக்காது. இப்படியும் ஒருத்தன் பண்ணுவான்னு எழுதினவங்களுக்குத் தோணியிருக்காதே. எருமை களைச்சா கொஞ்சம் ஆடுவான், எப்பவும் ஆடுவான். இன்னிக்கும் நடு ரோட்ல இருந்து லேசா என் பக்கம் ஆடினான். என்னைத் தொடக்கூட இல்ல, நடுவுல இடம் தாராளமா இருந்துச்சு. ஆனா என் விரல் போயிடுச்சு மேடம். சூடு பட்ட கை மாதிரி, என்னைக் கேக்காமலே போயிடுச்சு. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். பல்லி ஒரு சாண் பின்னாடி இருந்தான். அந்த இடத்துல எவனா இருந்தாலும் இன்னும் வேகமாத்தான் போவான், அதை நம்பித்தான் என் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வந்தான். சத்தம் கேட்டுச்சு. சைக்கிள் விழற சத்தம் ஒண்ணு, ஆளு விழற சத்தம் ஒண்ணு. நான் திரும்பிப் பார்க்கல. எனக்குக் கடைசியில காலு ஓய்ஞ்சு போச்சுன்னு டிவியில சொன்னாங்களாம்.

வலது பக்கம் சாஞ்சேன்னு ஏன் பொய் சொன்னேன்னா, வேற எதைச் சொல்லி உங்களைக் கேக்கறது? அவனை வேணும்னே தள்ளிவிட்டேன்னு சொல்ல வெக்கமா இல்ல. பயந்து பிரேக் பிடிச்சேன்னு சொல்ல வாய் வரல. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, இப்ப வந்துடுச்சு. அதை எப்படி எழுதறீங்களோ எழுதுங்க, கோழைன்னே எழுதுங்க. நாளைக்கு மட்டும் என்னைக் கிளம்ப விடாதீங்க. நாளைக்கும் பிடிப்பேன். பிடிக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டா போதும்ங்கறீங்க. இன்னிக்குக் காலையில அப்படித்தான் நினைச்சுக்கிட்டு ஏறினேன்.

மேனேஜர்கிட்டயா? வாய் வரைக்கும் வந்துச்சு. கோட்டுல இருந்து இந்த வேன் வரைக்கும் அவரும் மாப்பிள்ளையும்தான் கூடவே நடந்து வந்தாங்க. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு. பின்னாடி நம்ம ஆளு யாரும் இல்லாததுனாலதான் பல்லி உன் சக்கரத்துல வந்து இடிச்சான், நாளைக்கு உன் முதுகுக்குப் பின்னாடி நம்ம ஆளு ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வரணும், வேற எவனும் நுழையக் கூடாதுன்னாரு. யாரைப் போடலாம்னு அவரு யோசிக்கக்கூட இல்ல, மாப்பிள்ளை நான் வர்றேன்னுட்டாரு. முன்னாடி இழுக்கறதை வேற யாராவது பார்த்துக்கட்டும், மச்சானுக்குப் பின்னாடி நான் வர்றேன், ஒரு விரல்கடை இடம் விட மாட்டேன்னு என் முதுகுல ஒரு தட்டு தட்டினாரு.

அவர்கிட்ட தனியாச் சொல்லிப் பார்க்கலாம். சொன்னா என்ன சொல்வாரு தெரியுமா? விடு மச்சான், நான்தானே பின்னாடி இருக்கேன், சமாளிச்சுக்கறேன்ம்பாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு. நடந்து வர்ற வழியிலயே தங்கச்சி போன் பண்ணிட்டா. டிவியில பல்லி விழுந்ததைப் பார்த்துட்டு அழுதுக்கிட்டே கூப்பிட்டிருக்கா. இனிமே நான் முன்னாடி இல்ல, உங்க அண்ணனுக்குப் பின்னாடிதான்னு மாப்பிள்ளை அவகிட்ட சொன்னாரு. அப்புறம் போனை என்கிட்ட கொடுத்தாரு. உன் பின்னாடின்னா எனக்குக் கவலையே இல்லண்ணா, இன்னிக்கு நிம்மதியா தூங்குவேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.